கீழ்வீட்டு ஜன்னலில் எட்டு விளக்கு

நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டு மாடியில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். கீழே இருப்பவர்கள் ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகைக்கு ஒரு மாலை உங்களையும் உங்கள் பெண்ணையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அது யூதர்களின் கிறிஸ்துமஸா, என்ன கொண்டு போகலாம், சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே கை நனைக்கலாமா, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் அவர்கள் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அதே புரூக்ளினின் மிட்வுட்டில், அவென்யூ ஜே-க்குப் பக்கத்தில், இதே மாதிரி ஒரு மாடியில் 16 வருஷமாகக் குடியிருக்கிறேன். ஊர் மாயவரம். கீழே இருப்பது எழுபதைத் தாண்டிய வீட்டுக்காரம்மா. பேரப்பிள்ளைகள் அவரைப் பாபி, அதாவது பாட்டி, என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சமையலறையில் நின்று கற்றது, மீதி அப்புறம் தேடிப் படித்தது.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை புரியாமல் ஹனுக்கா புரியாது. ஜெப ஆலயம் முக்கியம்தான், ஆனால் யூத வாழ்க்கையின் பெரும்பகுதி சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கிறது. அந்த மேஜை வாரம் ஒரு தடவை முழுசாக விரிகிற நாள் வெள்ளி மாலை.

யூதர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. ஆக, அவர்கள் ஓய்வு நாளான ஷபாத், அதாவது சனிக்கிழமை, வெள்ளி மாலையிலேயே வந்துவிடும். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் விளக்கேற்றுவது வழக்கம். டிசம்பர் நடுவில் நியூயார்க்கில் சூரியன் நாலரைக்கே மறைந்துவிடுகிறது. அதாவது 4:11 வாக்கில் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கோடையில் எட்டு மணி வரை கிடைக்கும் அவகாசம் குளிர்காலத்தில் கிடைக்காது. அதனால் சமையல் வியாழன் இரவே ஆரம்பித்துவிடும். வெள்ளி மதியம் அவென்யூ ஜே-யில் நடந்து பாருங்கள். பேக்கரி வாசலில் வரிசை, ஒரு கையில் ஹாலா ரொட்டியும் இன்னொரு கையில் பூங்கொத்துமாக ஓடுகிற ஆண்கள், மூடத் தொடங்கும் கடைகள். பக்கத்துப் பகுதியான பரோ பார்க்கில் நேரம் நெருங்கும்போது சைரனே ஊதுவார்கள். அப்புறம் ஒரு அமைதி வரும். கார்களும் ரயிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் தெரு அமைதியாக இருப்பது காதுக்குத் தெரியும்.

ஷபாத்தில் செய்யக் கூடாதவை என்று 39 வகை வேலைகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். நெருப்பு மூட்டுவது, சமைப்பது, எழுதுவது, வெளியில் பொருளைத் தூக்கிப் போவது எல்லாம் அதில் அடங்கும். கடைப்பிடிக்கிற குடும்பங்கள் மின்சார ஸ்விட்சைத் தொடுவதில்லை, காரை எடுப்பதில்லை, போனை எடுப்பதில்லை. விளக்குகள் டைமரில் எரிந்து அணையும். குளிர்பெட்டியைத் திறந்தால் எரியும் பல்பை முன்கூட்டியே கழற்றி வைப்பார்கள். சாப்பாடு சூட்டுத் தகட்டின் மேல் இருக்கும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் போட்ட சோலண்ட் என்ற குழம்பை வெள்ளி மாலையே சின்னச் சூட்டில் ஏற்றிவிடுவார்கள். அது ராத்திரி முழுக்கக் கொதித்து சனி மதியம் இலைக்கு வரும். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்தால் அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்திருக்கும். சைவக்காரர்களுக்கு முதலில் ஒரு மாதிரியாக இருக்கலாம். எனக்கு இப்போது அது சனிக்கிழமையின் வாசனை.

அதனால் வெள்ளி இரவு அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் போன் செய்யாதீர்கள், அழைப்பு மணியையும் அழுத்தாதீர்கள். கதவைக் கையால் தட்டுங்கள். சந்தோஷமாகத் திறப்பார்கள்.

மேஜையில் என்ன நடக்கும் என்றால், வீட்டுப் பெண் மெழுகுவர்த்திகளை ஏற்றி, கைகளால் சுடரின் மேல் காற்றை அணைத்துக்கொள்வது போல வளைத்து, கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசி சொல்வார். நான் முதல் தடவை பார்த்தபோது ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நினைவுக்கு வந்தது. அர்த்தம் வேறு. ஆசி சொன்னதுமே ஷபாத் தொடங்கிவிடுகிறது, தொடங்கிய பிறகு நெருப்பு மூட்ட முடியாது. ஆகவே முதலில் ஏற்றி, கண்ணை மூடி, ஆசி முடிந்து கண்ணைத் திறக்கும்போது அந்த வெளிச்சத்தைப் புதிதாகப் பார்க்கிறார்கள். பிறகு பெற்றோர் ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். வளர்ந்த பிள்ளைகளும் தலையைக் குனிந்து நிற்பார்கள். கிண்ணத்தில் ஒயினை ஏந்திச் சொல்லும் கிடுஷ் என்ற ஆசி, கை கழுவுதல், அப்புறம் துணி மூடிய இரண்டு ஹாலா ரொட்டிகள். பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு வெள்ளிக்கிழமைகளில் இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவாக இரண்டு. ரொட்டியில் உப்புத் தொட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு நிச்சயம் நேரும், சொல்லி வைக்கிறேன். நாங்கள் வந்த இரண்டாவது ஜனவரி, ஒரு வெள்ளி ராத்திரி பத்து மணிக்குப் பாபி மேலே வந்து தட்டினார். கீழே வெப்பம் நின்றுபோய்விட்டது, குழந்தைகள் போர்வைக்குள் நடுங்குகிறார்கள், வந்து போட்டுத் தருவாயா என்று நேராகவே கேட்டார். போய்ப் போட்டேன். தங்களால் முடியாததை யூதர் அல்லாதவரைக் கொண்டு செய்விப்பதற்கு அவர்கள் சட்டத்தில் நிறையக் கட்டுப்பாடு உண்டு, பொதுவாக நேராகக் கேட்க மாட்டார்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். ஆனால் கடுங்குளிருக்கு விதிவிலக்கு இருக்கிறது. குளிருக்கு முன்னால் எல்லோரும் நோயாளிகளே என்பது பழைய ரப்பிகளின், அதாவது யூத மத ஆசான்களின், வாக்கு. நோயாளிக்காகக் கேட்கலாம். இந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் இந்தச் சட்டங்களின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அமெரிக்க ராணுவத் தளபதியாகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த காலின் பவல், பிராங்க்ஸில் வளர்ந்த சிறுவனாக ஷபாத்தில் இப்படி விளக்குப் போட்டுக் கொடுத்தவர்தான். அந்த வரிசையில் நீங்களும் சேரப் போகிறீர்கள்.

சரி, சமையலறைக்கு வருவோம். யூத உணவு விதிப்படி சாப்பிடத் தக்கதைக் கோஷர் என்பார்கள். அதில் பன்றியும் இறாலும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். நாளாந்த வாழ்க்கையில் அதைவிடப் பெரியது பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்ற விதி. ஒரே தட்டில் சேரக் கூடாது என்பதோடு நிற்பதில்லை. பாலுக்கு ஒரு பாத்திர வரிசை, இறைச்சிக்கு ஒரு பாத்திர வரிசை, முடிந்தால் இரண்டு கழுவு தொட்டி. பாபி வீட்டில் பாலுக்கு நீலப் பிடி கரண்டி, இறைச்சிக்குச் சிவப்பு. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் தொட, பல குடும்பங்களில் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். சிலர் மூன்று மணி நேரம். காலிஃபிளவரையும் கீரையையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் புழு பூச்சி பார்ப்பார்கள், ஏனென்றால் பூச்சியும் விலக்கு. நம் வீடுகளில் காலிஃபிளவரை உப்புப் போட்ட வெந்நீரில் முக்கி எடுப்பதைச் சொன்னபோது பாபிக்கு ஒரே சந்தோஷம்.

சைவக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது, ஒரு குழியும் இருக்கிறது. வசதி என்னவென்றால், ஒரு உணவு பால் வகை என்று சொன்னால் அதில் இறைச்சியோ இறைச்சிக் கொழுப்போ துளியும் இருக்காது. அந்த வாக்கை நம்பலாம். குழி, பார்வே என்ற சொல். பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். முட்டையும் மீனும் பார்வே கணக்கில் வரும். பார்வே என்று எழுதியிருப்பதைச் சைவம் என்று நினைத்து ஏமாறாதீர்கள், கேட்டு வாங்குங்கள். கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஆராய்வது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி.

கொண்டு போகும் பொருளில்தான் நான் தவறினேன். முதல் வருஷம் ஹனுக்காவுக்கு எங்கள் அடுப்பில் சுட்ட முறுக்கை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போனேன். பாபி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மேலே வந்து உண்மையைச் சொன்னார்: எங்களால் இதைச் சாப்பிட முடியாது, எறியவும் மனம் வரவில்லை. தட்டை அப்படியே திருப்பித் தந்தார். வாங்கிய தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்ற நம் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் முறுக்கின் மேல் நான்கு ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார்.

காரணம் இதுதான். எங்கள் எண்ணெய்ச் சட்டியும் கரண்டியும் கோஷர் அல்ல. அதோடு, சமைத்த உணவில் யூதர் ஒருவரின் கை பட்டிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே வீட்டில் செய்த எதையும் கொண்டு போக வேண்டாம். ஒயினும் வேண்டாம், அதற்கு இன்னும் கடுமையான விதிகள். முழுசாக, வெட்டாத பழம் கொண்டு போகலாம். பூ கொண்டு போகலாம். சீல் பிரிக்காத, கோஷர் குறி போட்ட இனிப்புப் பெட்டி கொண்டு போகலாம். வட்டத்துக்குள் யூ எழுத்து இருப்பது எல்லாக் கடையிலும் கிடைக்கும். நியூயார்க்கிலிருந்து இயங்கும் ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பு தருகிற குறி அது, 1923-ல் ஹைன்ஸ் கம்பெனியின் பீன்ஸ் டின்னில் தொடங்கியது. பக்கத்தில் டி எழுத்து இருந்தால் பால் வகை. அன்றைக்கு இறைச்சி விருந்து என்றால் அதை அப்போது சாப்பிட மாட்டார்கள், எடுத்து வைத்துக்கொள்வார்கள். அழைப்பு வெள்ளி மாலை என்றால் பூவையும் பழத்தையும் மதியமே கொடுத்துவிடுங்கள்.

முறுக்குக் கதை அங்கே முடியவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது ஹனுக்கா. அது யூதர்களின் கிறிஸ்துமஸ் இல்லை. அவர்கள் வருஷத்தில் இது சின்னப் பண்டிகை. புத்தாண்டான ரோஷ் ஹஷானா, பாவமன்னிப்பு நோன்பான யோம் கிப்பூர், எகிப்திலிருந்து விடுதலை பெற்ற நினைவான பெசாக் போன்றவற்றுக்கு இருக்கிற கனம் இதற்கு இல்லை. எபிரேய வேதத்தில் இதன் கதையே இல்லை. வேலைக்குப் போகலாம், கார் ஓட்டலாம், சமைக்கலாம். அமெரிக்காவில் இது பெரிதானதற்குக் காரணம், டிசம்பரில் ஊரே பரிசும் மரமுமாக மின்னும்போது யூதக் குழந்தைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெற்றோர் தங்கள் கையில் இருந்த பண்டிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள். பழைய வழக்கம் குழந்தைகளுக்குக் காசு கொடுப்பது, கெல்ட் என்பார்கள். இன்றைக்கு அது தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு. எட்டு இரவுக்கு எட்டுப் பரிசு என்பது அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. பாபி வீட்டில் காசு மட்டும்தான், அதிலும் ஒரு பங்கைத் தர்மத்துக்குப் போட்ட பிறகே பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கதை இது. சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க மரபு அரசன் நான்காம் அந்தியோக்கஸ், கி.மு. 167 வாக்கில் யூத வழிபாட்டைத் தடை செய்து ஜெருசலேம் ஆலயத்தைக் களங்கப்படுத்தினான். மக்கபேயர் என்ற குடும்பம் எதிர்த்துப் போராடி, கி.மு. 164-ல் ஆலயத்தை மீட்டுச் சுத்தம் செய்து மறுபடி அர்ப்பணித்தது. ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணிப்பு என்றுதான் பொருள். விளக்கேற்ற ஒரு நாளுக்கான தூய எண்ணெய்தான் கிடைத்தது, அது எட்டு நாள் எரிந்தது என்பது ரப்பிகளின் பழைய நூல் தொகுப்பான தால்முட் சொல்லும் அற்புதம்.

நாள் கணக்கு நம் ஆட்களுக்கு எளிதாகப் புரியும். யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை, பருவம் தவறாமல் இருக்க 19 வருஷத்தில் ஏழு தடவை ஒரு கூடுதல் மாதம் சேர்ப்பார்கள், தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் போல. கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி ஹனுக்கா ஆரம்பம். அதாவது தேய்பிறை தசமி வாக்கில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டி, வளர்பிறையின் முதல் கீற்று தெரியும் வரை. நம் கார்த்திகை தீபம் பௌர்ணமியில் வருவது. இவர்களுடையது வருஷத்திலேயே இருட்டு அதிகமான வாரத்தில் வருவது. ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2013-ல் நன்றி நவிலும் நாளோடு வந்தது, 2024-ல் முதல் விளக்கே டிசம்பர் 25 மாலை. 2026-ல் டிசம்பர் 4 மாலை, அதுவும் வெள்ளிக்கிழமை.

விளக்குக்கு மெனோரா என்று பெயர். எட்டுக் கிளை, அவற்றிலிருந்து தள்ளியோ உயர்ந்தோ ஒன்பதாவதாக ஒன்று, அதன் பெயர் ஷமாஷ். பணியாள் என்று அர்த்தம். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். மெழுகுவர்த்தியை வலமிருந்து இடமாக வைப்பார்கள், ஏற்றுவது இடமிருந்து வலமாக, அன்றைக்குப் புதிதாக வந்ததை முதலில். ஷமாஷோடு சேர்த்து எட்டு நாளுக்கு மொத்தம் 44 மெழுகுவர்த்தி. கடையில் விற்கிற பெட்டியில் சரியாக 44 இருக்கும். எட்டில் தொடங்கி ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று ஷம்மாய் என்ற ரப்பியின் வழியினரும், ஒன்றில் தொடங்கி ஏற வேண்டும் என்று ஹில்லெல் என்ற ரப்பியின் வழியினரும் அந்தக் காலத்தில் வாதாடினார்கள். புனிதமானதில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்ற ஹில்லெல் பக்கம் வென்றது.

ஷமாஷ் எதற்கு என்று உங்கள் பெண் கேட்பாள், என் பையனும் கேட்டான். ஹனுக்கா விளக்கின் வெளிச்சத்தை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அதில் படிக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது, பார்க்க மட்டும்தான் செய்யலாம். தப்பித்தவறி அந்த வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டால், அது பணியாள் விளக்கின் வெளிச்சம் என்று ஆகிவிடட்டும் என்றுதான் அந்த ஒன்பதாவது. விளக்கு குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும். அந்த அரை மணியில் பெண்கள் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை. கோழி உறித்து, மாவு பிசைந்து, எட்டுப் பேருக்குப் பரிமாறுகிற பாபி அந்த அரை மணி நேரம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அழைப்பு வந்திருக்கிறது என்றீர்களே, அந்த அரை மணியை மட்டும் தவறவிடாதீர்கள். நேரத்துக்குப் போங்கள்.

குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். கிழக்கு ஐரோப்பிய வழி வீடுகளில் ஆளுக்கொரு மெனோரா ஏற்றுவது வழக்கம், ஜன்னலோரம் அலுமினியத் தாள் விரித்து ஆறேழு வரிசையாக நிற்கும். மத்தியதரைக் கடல் வழி வீடுகளில் குடும்பத்துக்கு ஒன்று. மிட்வுட்டில் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்களில் சிலர் ஒவ்வொரு இரவும் ஒரு விளக்கைக் கூடுதலாக வைப்பார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முன்னோர்களுக்கு அலெப்போ இடம் கொடுத்ததே, அதற்கு நன்றி என்பார்கள். நடுவில் வரும் வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோருக்கும் அவசரம்: ஹனுக்கா விளக்கை ஷபாத் விளக்குக்கு முன்னால் ஏற்றியாக வேண்டும், அதே சமயம் அது இருட்டிய பிறகு அரை மணி வரை தாக்குப்பிடிக்கவும் வேண்டும். அன்றைக்குச் சின்ன மெழுகுவர்த்தி உதவாது, பெரிதாக வைப்பார்கள் அல்லது எண்ணெய் ஊற்றுவார்கள்.

ஜன்னலில் வைப்பது அழகுக்காக இல்லை. அற்புதத்தைத் தெருவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது கட்டளை. ஆபத்தான காலத்தில் மேஜை மேல் வைத்தால் போதும் என்றும் தால்முட் சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் வரலாறு முழுக்க இருக்கிறது. 1931-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ரப்பி ஒருவரின் மனைவி ராகேல் போஸ்னர் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. ஜன்னல் விளிம்பில் மெனோரா, அதற்குப் பின்னால் தெருவின் எதிர்ப்பக்கம் நாஜிக் கொடி. யூதர் அழியட்டும் என்று கொடி சொல்கிறது, யூதர் என்றும் வாழ்வர் என்று விளக்கு சொல்கிறது என்ற பொருளில் படத்தின் பின்பக்கம் எழுதி வைத்தார். அந்தக் குடும்பம் 1933-ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி உயிர் தப்பியது. அந்த மெனோரா இப்போது ஜெருசலேமில் யாத் வஷேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹனுக்காவுக்கு மட்டும் வீட்டுக்குப் போகும், வாரிசுகள் அதில் விளக்கேற்றுவார்கள். எங்கள் தெருவில்கூடச் சில வருஷங்களில் சில வீடுகளின் விளக்கு ஜன்னலை விட்டு உள்ளே போய்விடுகிறது. அதைப் பார்த்தால் அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாப்பாடு எண்ணெயில் பொரித்தது, எண்ணெய் அற்புதத்தின் நினைவாக. லாட்கே என்கிற உருளைக்கிழங்கு அடை முக்கியம். கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, துணியில் போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீர் தெளிந்ததும் அடியில் நிற்கும் மாவை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுதான் மொறுமொறுப்பின் ரகசியம். முட்டை போடுவார்கள், முட்டை தொடாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். தொட்டுக்கொள்ள என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புளித்த கிரீம் இருந்தால் பால் விருந்து, மீன் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வெறும் ஆப்பிள் கூழ் என்றால் இறைச்சி விருந்தாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஜாம் வைத்த சுஃப்கானியா என்ற உருண்டையும் வரும்.

குழந்தைகள் டிரெய்டல் சுற்றுவார்கள். நாலு பக்கத்திலும் நாலு எபிரேய எழுத்து உள்ள பம்பரம். பெரிய அற்புதம் அங்கே நடந்தது என்ற வாக்கியத்தின் முதல் எழுத்துகள் அவை. இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் மட்டும் அங்கே என்பதற்குப் பதில் இங்கே. நூன் விழுந்தால் ஒன்றும் இல்லை, கிமெல் விழுந்தால் குவியல் முழுக்க, ஹே என்றால் பாதி, ஷின் என்றால் கையிலிருந்து ஒன்று வைக்க வேண்டும். உங்கள் பெண் பத்து நிமிடத்தில் பழகிவிடுவாள்.

நான் இதுவரை சொன்னது கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் வீடுகளைப் பற்றி. நியூயார்க் நகரத்தில் ஏறத்தாழ 10 லட்சம் யூதர்கள் இருக்கிறார்கள், இஸ்ரேலுக்கு வெளியே எந்த நகரத்திலும் இவ்வளவு பேர் கிடையாது. அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. என் அலுவலகத் தோழி ஒருத்தி ஷபாத்தில் கார் ஓட்டுவாள், இறால் சாப்பிடுவாள், ஆனால் எட்டு இரவும் விளக்கேற்றாமல் இருக்க மாட்டாள். டிசம்பர் 25 அன்று அவள் குடும்பம் சீன உணவகத்துக்குப் போகும், அப்புறம் சினிமா. அதுவும் இந்த நகரத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. லோயர் ஈஸ்ட் சைடில் வந்திறங்கிய யூதர்களுக்கு அடுத்த தெருவே சைனாடவுன். கிறிஸ்துமஸ் அன்று திறந்திருந்தவை அந்தக் கடைகள்தான். சீனச் சமையலில் பால் சேர்வது அபூர்வம், அதனால் பாலும் இறைச்சியும் கலக்குமோ என்ற சங்கடமும் குறைவு. உங்கள் கீழ்வீட்டார் எந்த வகை என்பது கதவு நிலையிலிருந்து தெரியாது. மெசூசா என்ற சின்னக் குழல் எல்லா வகை வீட்டிலும் இருக்கும். வேத வரிகள் எழுதிய தோல் சுருள் அதற்குள் இருக்கிறது, உள்ளே போகும்போது தொட்டு விரலை முத்தமிடுவார்கள். கைகுலுக்க நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், ஆர்த்தடாக்ஸ் ஆண்கள் வேற்றுப் பெண்ணைத் தொட மாட்டார்கள், பெண்களும் அப்படியே. வணக்கம் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் நிம்மதி.

பெண்ணுக்கு இன்னும் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் புரூக்ளினின் கிராண்ட் ஆர்மி பிளாசாவுக்கோ மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூவும் 59-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கோ கூட்டிப் போங்கள். சுமார் 32 அடி உயர மெனோரா இருக்கும், கிரேன் வண்டியில் ஏறிப் போய் ஏற்றுவார்கள். அதற்கு மேல் உயரமாக வைக்க மாட்டார்கள், அவர்கள் கணக்கில் 20 முழத்துக்கு மேலே இருக்கும் விளக்கு கண்ணில் படாது, அது செல்லாது என்று விதி.

முறுக்குக்கு வருகிறேன். தட்டு திரும்பி வந்த அடுத்த வருஷம் பாபியே வழி சொன்னார். ஊரிலிருந்து வாங்கி வந்த புதுப் பித்தளை முறுக்கு நாழி ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். யூதர் அல்லாதவரிடமிருந்து வரும் உலோகப் பாத்திரத்தை மிக்வே என்ற புனிதக் குளத்து நீரில் முக்கி எடுக்க வேண்டும், பாத்திரங்களுக்கென்று தனிக் குளமே இருக்கிறது. கொண்டுபோய் முக்கி வந்தார். கோஷர் குறி போட்ட அரிசி மாவு அவர் வாங்கினார். உளுந்தை அவர் வாணலியில் வறுத்து அவர் மிக்ஸியில் பொடித்தோம். வெண்ணெய் போட்டால் பால் வகையாகிவிடும், அதனால் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். பெருங்காயத்தில் குறி இல்லை, விட்டுவிட்டோம். அடுப்பை அவர் பற்றவைத்தார், அது அவர் கைபட்ட சமையல் என்று ஆவதற்கு. பிழிந்தது நான். எண்ணெயில் பொரிந்தது என்பதால் ஹனுக்காவுக்கு முழுப் பொருத்தம் என்று பேரன்களில் பெரியவன் தீர்ப்புச் சொன்னான். இப்போது மூன்றாம் இரவு எங்கள் முறுக்கு இரவு. பாபிக்குப் பல் வலி, அவருக்கு மட்டும் சூடு ஆறுவதற்குள் மெல்லியதாக ஒன்று.

ஹனுக்கா முடிந்த பிறகும் குளிர் போகாது. ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும் பௌர்ணமி து பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. வெளியில் ஒரு இலைகூட இருக்காது, உள்ளே பேரீச்சை, அத்தி, மாதுளை, திராட்சை, ஆலிவ் என்று தட்டு நிறையும். நம் தைப்பூசமும் அதே பௌர்ணமியை ஒட்டி வருவதால், 2024-ல் இரண்டும் ஜனவரி 25 அன்றே வந்தன. காலையில் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன், சாயங்காலம் பாபி அத்திப்பழம் கொடுத்தார். அப்புறம் குளிரின் கடைசியில் பூரிம் பண்டிகை. குழந்தைகள் ராஜா ராணி வேஷம் கட்டிக்கொண்டு, தின்பண்டக் கூடைகளை வீடு வீடாகக் கொண்டு கொடுப்பார்கள். உங்கள் மாடிக் கதவையும் தட்டுவார்கள். திறக்கும்போது கையில் கொடுக்க, வட்டத்துக்குள் யூ போட்ட பாக்கெட் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.